குரலோடு பெயரும்

(மேல்பட்டாம்பாக்கத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நாட்டுப்புறப் பாட்டுக்காரரின் ஒலிப்பதிவு வாழ்க்கை பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். தானே பாட்டுக் கட்டி, தானே பாடுகிற ஒரு மனிதரின் குரல் இசைத்தட்டிலும் ஒலிநாடாவிலும் இன்று கைப்பேசியிலும் ஏறிய பிறகு அவருக்கு என்ன நேர்கிறது? அவர் பெயர் நிலைக்கிறதா? அவர் வீட்டு அடுப்பு எரிகிறதா? இந்தக் கேள்விகளை இந்த ஊரில் நின்று கேட்பதற்குக் காரணம் உண்டு. வடக்கே தென்பெண்ணை, தெற்கே கெடிலம், நடுவில் நெல்லும் கரும்பும் விளைகிற மண் இது. தாலாட்டு, நடவுப் பாட்டு, கும்மி, ஒப்பாரி என்று பிறப்பு முதல் இறப்பு வரை பாட்டில்லாத நாள் இங்கே இருந்ததில்லை. அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடியத் தெருக்கூத்து நடந்த வட்டாரம் இது. இந்தப் பாட்டையெல்லாம் யாரோ ஒருவர் கட்டினார். அந்த யாரோ ஒருவரைப் பற்றித்தான் என் பேச்சு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குரலைப் பதிவு செய்தால் பாட்டு பிழைக்கும். பாட்டுக் கட்டியவர் இன்னார் என்று எழுதி வைத்து, அந்தப் பாட்டு ஈட்டுவதில் அவருக்கும் பங்கு வைத்தால்தான் பாட்டுக்காரர் பிழைப்பார். நாம் முதல் வேலையைப் பாதி செய்தோம். இரண்டாவது வேலையை இனிமேல்தான் தொடங்க வேண்டும்.

1. தில்லையில் கிடைத்த ஏடுகள்

ஒலிப்பதிவு என்றதும் எந்திரத்தைத்தான் நினைக்கிறோம். பாட்டைக் காப்பாற்றும் கவலை எந்திரத்துக்கு வெகு முந்தியது. அதற்கு இந்த மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது.

தேவார ஏடுகள் சிதம்பரம் கோயிலில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன. இராசராச சோழனும் நம்பியாண்டார் நம்பியும் வந்து அறையைத் திறக்கச் செய்தார்கள். பாடிய மூவரும் வந்தால்தான் திறப்போம் என்று சொன்னதால் மூவர் திருமேனிகளையும் எழுந்தருளச் செய்தார்கள். உள்ளே புற்று மூடியிருந்தது. கரையான் அரித்தது போக எஞ்சியதே நமக்குக் கிடைத்தது. திருமுறை கண்ட புராணம் சொல்லும் வரலாறு இது. அதைப் பாடியவராகக் கருதப்படுகிற உமாபதி சிவமும் தில்லையைச் சேர்ந்தவர்தான்.

இந்த வரலாற்றில் இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். ஒன்று, கரையான் அரித்த பிறகும் எந்தப் பதிகம் யாருடையது என்று சொல்ல வழி இருந்தது. திருஞானசம்பந்தர் ஒவ்வொரு பதிகத்தின் முடிவிலும் தம் ஊரையும் பெயரையும் வைத்துப் பாடினார். கடைக்காப்பு என்று அதற்குப் பெயர். சுந்தரரும் ஆரூரன் என்று தம்மைச் சொல்லி முடித்தார். முத்துத்தாண்டவரும் கோபாலகிருஷ்ண பாரதியும் பாடிய மண்ணில், பாட்டுக்குள்ளேயே பாடியவர் பெயரை வைப்பது நெடுங்கால வழக்கம். ஏடு யார் கைக்குப் போனாலும் பெயர் பாட்டோடு போகும்.

இரண்டாவது செய்தி என்னை உறுத்துவது. ஏடு கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. எந்தப் பதிகத்தை எந்தப் பண்ணில் பாடுவது என்று சொல்ல ஆள் வேண்டியிருந்தது. திருஎருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணை அழைத்துவந்து பண் அடைவு வகுக்கச் செய்தார்கள் என்கிறது அதே புராணம். எருக்கத்தம்புலியூர் என்பது விருத்தாசலம் பக்கத்து இராசேந்திரப்பட்டினம், நம் மாவட்டத்து ஊர். அரசனின் பெயர் தெரியும். ஏடு தேடியவரின் பெயர் தெரியும். அந்தப் பெண்ணின் முன்னோர் பெயர்கூடத் தெரியும். தேவாரத்தைப் பாடுவதற்கு இசை கொடுத்த அவர் பெயர் தெரியாது. பாணர் மரபுப் பெண், இசையைக் கற்றுக் கையிலும் தொண்டையிலும் வைத்திருந்தவர். அவருக்கு நேர்ந்ததே அவருக்குப் பின் ஆயிரம் ஆண்டுகளாக நம் நாட்டுப்புறப் பாட்டுக்காரர்களுக்கும் நேர்ந்தது.

2. தட்டில் ஏறிய பெயர்

1902 நவம்பரில் ஃபிரெட் கெய்ஸ்பர்க் என்ற ஒலிப்பதிவாளர் லண்டனிலிருந்து கல்கத்தாவுக்கு வந்து, இந்தியக் குரல்களை முதன்முதலாகப் பெருமளவில் இசைத்தட்டில் ஏற்றினார். அப்போது பாடிய கௌஹர் ஜான், ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். பதிவான மெழுகுத் தட்டுகள் ஜெர்மனியின் ஹனோவர் நகரத்துக்குப் போய் அச்சாகிவர வேண்டும். அங்கே தட்டை அச்சிடுபவருக்கு எந்தக் குரல் யாருடையது என்று தெரிய அது வழி செய்தது. ஆறாண்டு கழித்து 1908இல் கல்கத்தாவின் சியால்தாவில் தட்டு அச்சிடும் ஆலை வந்தது. அதற்குள் கௌஹர் ஜான் நாடறிந்த பெயராகிவிட்டார். சம்பந்தரின் கடைக்காப்பு ஓலையில் செய்த வேலையை அவர் தட்டில் செய்தார்.

தமிழ்நாட்டில் தட்டில் ஏறியவர்கள் யார்? சங்கீத வித்துவான்கள் ஏறினார்கள். நாடகக்காரர்கள் ஏறினார்கள். நாடகக்காரர்கள் வழியாகப் பாட்டுக் கட்டுகிறவர் ஒருவர் புகழ்பெற்றார் என்றால் அவர் மதுரகவி பாஸ்கரதாஸ். 1892இல் பிறந்து 1952இல் மறைந்த அவர் கட்டிய தேசபக்திப் பாடல்களை நாடக மேடைக் கலைஞர்கள் பாட, இசைத்தட்டுகள் ஊரூராக எடுத்துச் சென்றன. 1931இல் வந்த காளிதாஸ் படத்துக்குப் பாட்டு எழுதியவரும் அவரே. அவருக்கு அச்சும் மேடையும் தட்டும் கைகொடுத்தன.

வயலில் நின்று பாட்டுக் கட்டியவருக்கு இவை எதுவும் கைகொடுக்கவில்லை. ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் ஓடும் அந்தத் தட்டில் இரவெல்லாம் நடக்கும் கூத்து அடங்காது. தட்டு வாங்கும் பணம் இருந்தவர்கள் கேட்க விரும்பியதே தட்டில் வந்தது. நாட்டுப்புறப் பாட்டு நூலுக்குள் போனது. 1871இல் சார்லஸ் கோவர் தென்னிந்திய நாட்டுப்பாடல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பெர்சி மாக்வீன் என்ற அதிகாரி திரட்டிய தமிழ்ப் பாடல்களைக் கி.வா.ஜகந்நாதன் பதிப்பிக்க, 1958இல் தஞ்சை சரஸ்வதி மகால் ‘மலையருவி’ என்று வெளியிட்டது. 1964இல் நா.வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ வந்தது. இந்தப் பெரியோர்களின் உழைப்பு இல்லையென்றால் ஆயிரக்கணக்கான பாடல்கள் காற்றோடு போயிருக்கும். அவர்களை நன்றியோடு வணங்குகிறேன். ஆனால் நாட்டுப்பாடலுக்கு ஆசிரியர் இல்லை, அது மக்கள் பாட்டு என்ற எண்ணம் இத்தகைய தொகுப்புகளோடு சேர்ந்து நம் மனத்தில் ஊன்றிவிட்டது. தொகுத்தவர் பெயர் அட்டையில் நிற்கிறது. பாடிக் கொடுத்த கிழவியின் பெயரை நூலுக்குள் தேட வேண்டியிருக்கிறது.

3. பிரிஸ்டல் நகரத்துப் பன்னிரண்டு நாட்கள்

உழவரும் இரயில் தொழிலாளரும் பஞ்சாலைக்காரரும் பாடிய பாட்டு ஒன்று அமெரிக்காவிலும் இருந்தது. அதைக் கன்ட்ரி இசை என்கிறார்கள். அந்தப் பாட்டு தட்டில் ஏறிய கதையை இங்கே சொல்வது, அங்கே எல்லாம் சரியாக நடந்தது என்று காட்டுவதற்காக இல்லை. எது சரியாக நடந்தது, எது தவறியது என்று இரண்டையும் பார்த்தால் நமக்கு வழி தெரியும்.

1927 சூலை 25 முதல் ஆகஸ்டு 5 வரை, டென்னசி, வர்ஜீனியா மாநிலங்களின் எல்லையில் உள்ள பிரிஸ்டல் நகரத்தில், விக்டர் கம்பெனிக்காக ரால்ஃப் பியர் என்பவர் ஒலிப்பதிவுக் கருவிகளோடு வந்து தங்கிப் பதிவு செய்தார். 19 குழுக்கள் பாடின; 76 பாடல்கள் பதிவாயின. பாடியவர்களுக்குக் கையில் ஒரு தொகை கொடுத்ததோடு, விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் சிறு பங்கும் பேசப்பட்டது. பியர் தேடியது புதுப் பாட்டு. பழைய பாட்டைப் பாடினால் அதற்கு உரிமை கோர முடியாது. பாடகரே கட்டிய பாட்டு என்றால் அதைப் பதிவுசெய்து உரிமைத் தொகை வசூலிக்கலாம். அவர் வணிகர். அந்த வசூலில் பெரும் பங்கு தமக்கே வரும்படி பாட்டு வெளியீட்டு நிறுவனத்தையும் 1928இல் தொடங்கினார். அவரைத் தருமவான் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் கணக்கால் ஒரு பெரும் மாற்றம் நிகழ்ந்தது. கிராமத்துப் பாடகன் தன் பாட்டுக்குத் தானே ஆசிரியன் என்று தாளில் எழுதப்பட்டான்.

அந்தப் பன்னிரண்டு நாட்களில் வந்தவர்களில் ஒருவர் ஜிம்மி ராட்ஜர்ஸ். மிசிசிப்பி மாநிலத்து மெரிடியனைச் சேர்ந்த இரயில்வே குடும்பத்தில் பிறந்து, இரயிலில் பிரேக் பிடிக்கும் வேலை பார்த்து, காசநோயால் அந்த வேலையை விட்டவர். ஆகஸ்டு 4 அன்று முதன்முதலாகப் பாடிப் பதிவு செய்தார். 1933 மே 26 அன்று நியூயார்க்கில் இறந்தார். இடைப்பட்ட ஆறாண்டுக்குள் நூறுக்கு மேற்பட்ட பாடல்கள். கடைசிப் பதிவின்போது, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் படுத்து இளைப்பாற ஒலிப்பதிவுக் கூடத்திலேயே கட்டில் போட்டிருந்தார்கள். பாடி முடித்த இரண்டாம் நாள் உயிர் போயிற்று. பாட்டே தொழிலாக, தட்டே வருமானமாக ஒரு கிராமத்துப் பாட்டுக்காரர் வாழ முடியும் என்று நிறுவிக் காட்டிய வாழ்க்கை அது.

அந்த வெளிச்சத்துக்குப் பக்கத்திலேயே இருளும் இருந்தது. ராட்ஜர்ஸின் பாடல்கள் பலவற்றை அவருடைய மைத்துனி எல்சி மெக்வில்லியம்ஸ் எழுதினார், அல்லது சேர்ந்து எழுதினார். தட்டில் எல்லாவற்றிலும் அவர் பெயர் வரவில்லை. 1930இல் ராட்ஜர்ஸ் பாடிய ஒரு பாட்டுக்கு ட்ரம்பெட் வாசித்தவர் லூயி ஆம்ஸ்ட்ராங்; உலகம் கொண்டாடிய அந்தக் கறுப்பினக் கலைஞரின் பெயரும் அந்தத் தட்டில் இல்லை. பிரிஸ்டலில் அதே வாரம் பாடிய கார்ட்டர் குடும்பத்தின் தலைவர் ஏ.பி.கார்ட்டர், மலைக்கிராமங்களில் பாட்டுத் திரட்டப் போகும்போது லெஸ்லி ரிடில் என்ற கறுப்பின இளைஞரைக் கூட்டிப் போவார். கார்ட்டர் வரிகளை எழுதிக்கொள்வார். ரிடில் மெட்டை நினைவில் வாங்கிக்கொள்வார். பாட்டு கார்ட்டர் பெயரில் பதிவாகும். ரிடிலின் பெயர் வெளியே தெரியப் பல பத்தாண்டுகள் ஆயின. எருக்கத்தம்புலியூர்ப் பெண்ணின் கதையும் ரிடிலின் கதையும் ஒன்றே. வரியைத் தாளில் வைத்தவருக்குப் பெயர் கிடைத்தது. மெட்டை நெஞ்சில் வைத்தவருக்குக் கிடைக்கவில்லை. சாதியும் நிறமும் ஆண் பெண் பேதமும் அந்தக் கோட்டை எங்கே போடுவது என்று முடிவு செய்தன.

4. பாதியைக் கொடுக்க மறுத்த பெண்

அடுத்த தலைமுறைக்கு வருவோம். டாலி பார்ட்டன் 1946இல் டென்னசி மலைப்பகுதியில் பன்னிரண்டு பிள்ளைகளில் நான்காவதாகப் பிறந்தார். தந்தை எழுதப் படிக்கத் தெரியாத உழவர். 1959இல், பதின்மூன்று வயதில் டாலியின் முதல் இசைத்தட்டு வந்தது. 1964இல் பள்ளிப் படிப்பு முடிந்த மறுநாளே நாஷ்வில் நகரத்துக்கு வண்டியேறினார். இரண்டே ஆண்டில், பெயர் எடுப்பதற்கு முன்பே, தம் மாமாவோடு சேர்ந்து தம் பாடல்களுக்கென்று ஒரு வெளியீட்டு நிறுவனம் தொடங்கினார். 1970இல் அவருக்கு வெற்றி தேடித்தந்த பாடல்களில் ஒன்று, ராட்ஜர்ஸ் நாற்பதாண்டுக்கு முன் கட்டிப் பாடியது. மரபைக் கையில் வாங்கியதோடு தம் பாட்டையும் அதன் மேல் கட்டினார்.

அவர் கட்டிப் பாடி 1974இல் வெளிவந்த ஒரு விடைபெறும் பாட்டைத் தாம் பாட விரும்பினார் எல்விஸ் பிரெஸ்லி. அந்நாளில் எல்விஸ் பாடுவதென்றால் வாழ்நாள் செல்வம். ஆனால் அவருடைய மேலாளர் ஒரு நிபந்தனை வைத்தார்: பாட்டின் வெளியீட்டு உரிமையில் பாதியைத் தர வேண்டும். டாலி மறுத்துவிட்டார். அன்று இரவெல்லாம் அழுததாகப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 1992இல் விட்னி ஹூஸ்டன் அதே பாட்டை ஒரு திரைப்படத்தில் பாட, உலகமெங்கும் விற்றது. ஏழை உழவரின் மகள், தாம் கட்டிய பாட்டுக்குத் தாமே உடையவராக இருந்தார். அவர் செல்வம் கொழித்ததும், பிள்ளைகளுக்கு இலவசப் புத்தகம் அனுப்பும் திட்டத்தை 1995இல் எழுதப் படிக்கத் தெரியாத தம் தந்தையை நினைத்துத் தொடங்கியதும் அந்த உடைமையின் பயன்களே.

டாலியின் குரலும் திறமையும் அரியவை. அதே அளவுக்கு அரிய குரலும் திறமையும் நம் கிராமங்களில் இருந்திருக்கின்றன, இருக்கின்றன. அங்கே டாலிக்குக் கிடைத்து இங்கே கிடைக்காதது எது என்றால், “இந்தப் பாட்டு என்னுடையது” என்று சொல்ல ஒரு தாளும், அந்தத் தாளை மதிக்கும் ஒரு வழக்கமும்.

5. நம் பாட்டுக்காரர்கள்

நம் பக்கம் திரும்புவோம். சிவகங்கை மாவட்டத்துக் கொல்லங்குடியில் கருப்பாயி என்று ஒரு பெண். வானொலி அவர் குரலைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுபோயிற்று. 1985இல் பாண்டியராஜன் இயக்கிய ‘ஆண்பாவம்’ படத்தில் பாட்டியாக நடித்தும் பாடியும் வீட்டுக்கு வீடு தெரிந்த முகமானார். 1993இல் கலைமாமணி விருது பெற்றார். சூழ்நிலையைப் பார்த்த மாத்திரத்தில் வரி கட்டி மெட்டில் ஏற்றிப் பாடுகிற ஆற்றல் அவருடையது. முதுமையில் வறுமை அவரை வாட்டியது; கலைஞர்கள் உதவ முன்வந்தார்கள். 2025 சூனில் 99ஆம் வயதில் மறைந்தார். ஒரு நூற்றாண்டைத் தொட்ட பாட்டுக்காரி. அவர் பாட்டு வானொலியில் ஒலித்தது, படத்தில் ஒலித்தது, இன்றும் கைப்பேசியில் ஒலிக்கிறது. பாட்டு ஒலித்த காலமெல்லாம் அதைக் கட்டியவருக்கு ஒரு சிறு தொகை வீடு தேடி வந்திருந்தால், முதுமையில் அவர் பிறர் உதவியை எதிர்பார்த்திருக்க வேண்டுமா?

மதுரையை அடுத்த பரவை முனியம்மாவை நினையுங்கள். எத்தனையோ ஆண்டுகள் மேடைமேடையாகப் பாடிய பிறகு, 2003இல் வந்த ‘தூள்’ படம்தான் அவரை நாடறியச் செய்தது. 2020இல் அவர் மறைந்தபோதும் அந்த ஒரு படத்தைச் சொல்லியே பலர் அவரை நினைத்தார்கள். அவர் வாழ்நாளெல்லாம் பாடிய மேடைப்பாட்டில் எவ்வளவு நம்மிடம் முறையாகப் பதிவாகியிருக்கிறது?

இடையில் நமக்கு ஒரு நல்ல வாய்ப்பு வந்தது. 1980களில் ஒலிநாடா, அதாவது கேசட், மலிந்தது. இசைத்தட்டுக்குப் பெருங்கூடமும் ஆலையும் வேண்டும். கேசட்டுக்குச் சிறு நகரத்து அறை ஒன்று போதும். மதுரையிலும் திருச்சியிலும் புதுச்சேரியிலும் தெம்மாங்கும் அம்மன் பாட்டும் ஒப்பாரியும் கூத்தும் கேசட்டாக வந்தன. சவுண்டு சர்வீஸ்காரர் வைத்த குழாய் ஒலிபெருக்கி வழியாக, நாட்டுப்புறப் பாட்டு முதன்முதலாகச் சினிமாப் பாட்டுக்குச் சமமாக ஊருக்குள் ஒலித்தது. விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் கணவரோடு ஊரூராகச் சென்று பாட்டுத் திரட்டி, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அதைப் பாடமாக்கி, மேடையிலும் பாடினார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. நாகை மாவட்டத்துப் புஷ்பவனத்திலிருந்து வந்த குப்புசாமி, இசையில் உயர்படிப்பும் கிராமத்துக் குரலுமாகச் சேர்ந்து, நாட்டுப்புறப் பாட்டைக் கேசட்டிலும் தொலைக்காட்சியிலும் மதிப்புக்குரிய தொழிலாக்கினார். நமக்குப் பக்கத்துப் புதுவையில் பேராசிரியராக இருந்து 2016இல் மறைந்த கே.ஏ.குணசேகரன், ‘தன்னானே’ குழுவோடு ஒடுக்கப்பட்டோரின் பாட்டை மேடையேற்றினார். கவிஞர் இன்குலாப் எழுதிய பாட்டை ஊர்தோறும் கொண்டுசென்றது அவர் குரல்தான். இவர்கள் எல்லாம் படித்தவர்கள். தம் பெயரை எழுத்தில் நிறுத்திக்கொள்ளத் தெரிந்தவர்கள், வாய்ப்புப் பெற்றவர்கள்.

படிக்காத பாட்டுக்காரருக்கு அந்தக் காலத்தில் பெரும்பாலும் நடந்தது வேறு. ஒருநாள் கூப்பிட்டார்கள், பாடச் சொன்னார்கள், கையில் ஒரு தொகை கொடுத்தார்கள், ஒரு தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கினார்கள். கேசட் அட்டையில் அம்மன் படம் இருக்கும், கம்பெனி பெயர் இருக்கும். பாட்டு யாருடையது என்ற இடத்தில் “நாட்டுப்புறப் பாடல்” என்று இருக்கும். அதே மெட்டு சில ஆண்டு கழித்து வேறொரு இடத்தில் வேறொருவர் பெயரில் வரும். கேட்டால், “அது பொதுச் சொத்துத்தானே” என்பார்கள்.

இந்தப் பதிலை நாம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இதில் பாதி உண்மை இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த தாலாட்டு எவர் ஒருவருடையதும் ஆகாது. அதை யாரும் பாடலாம், பாட வேண்டும். எல்லாப் பாட்டுக்கும் வேலி போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒப்பாரி வைக்கிற பெண்ணைப் பாருங்கள். மெட்டு பழையது. முன்னே கிடத்தியிருக்கும் மனிதர் யார், அவர் எந்தக் காட்டை உழுதார், எந்த மகளைக் கட்டிக் கொடுத்தார், எந்தக் கடனோடு போனார் என்பதையெல்லாம் அந்த நேரத்தில் அடி அடியாகக் கட்டுவது அவருடைய அறிவு. கூத்து வாத்தியாரைப் பாருங்கள். பாரதக் கதை எல்லாருக்கும் பொது. ஒரு காட்சிக்குப் புதிதாக ஒரு தரு சேர்த்து, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, நாற்பது ஆண்டு அதை மேடையில் நிறுத்தியவர் அவர். நடவில் முன்பாட்டுப் பாடுகிறவர் நேற்று இல்லாத வரியை இன்று சேர்க்கிறார். மரபுக்குள் நின்று புதிதாகக் கட்டுவதுதான் நாட்டுப்புறக் கலை. கோபாலகிருஷ்ண பாரதி நந்தன் கதையைக் கீர்த்தனையாக்கியபோது கதை ஏற்கெனவே இருந்தது. அதற்காக அந்தக் கீர்த்தனையைப் பொதுச் சொத்து என்று சொல்லி அவர் பெயரை நாம் எடுத்துவிடவில்லை. படித்தவர் மரபிலிருந்து எடுத்துக் கட்டினால் ஆசிரியர் என்கிறோம். படிக்காதவர் மரபிலிருந்து எடுத்துக் கட்டினால் மக்கள் பாட்டு என்கிறோம். இந்த இரட்டை அளவை நாம் விட்டாக வேண்டும்.

6. சட்டம் தரும் இடம்

சட்டம் இன்று நாம் நினைப்பதைவிட நம் பக்கம் இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டைக் கட்டியவுடன் உரிமை பிறந்துவிடுகிறது. அலுவலகத்தில் பதிவு செய்தால் சான்றாக உதவும். பதிவு கட்டாயம் இல்லை. கட்டியவர் வாழ்நாள் முழுவதும், அதற்குப் பின் அறுபது ஆண்டும் அந்த உரிமை நிற்கும். 1994இல் செய்த திருத்தம் பாடுபவருக்கும் தனி உரிமை தந்தது. இன்று அதன் காலம் ஐம்பது ஆண்டு. 2012இல் வந்த திருத்தம் இன்னும் பெரியது. பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும், தங்கள் பாட்டு திரையரங்கத்துக்கு வெளியே ஈட்டுவதில் சம பங்கு பெறும் உரிமையை முழுதாக விட்டுக்கொடுக்கும்படி எழுதி வாங்கினால் அது செல்லாது. எழுதியவர், இசையமைத்தவர் சார்பில் பங்கு வசூலிக்க 1969இலிருந்து ஒரு சங்கம் இருக்கிறது. பாடகர்களுக்கென 2013இல் ஒன்று தொடங்கியது.

ஆனால் நாட்டார் கலைக்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. ஆகவே எல்லாம் ஒரு கேள்வியில் வந்து நிற்கிறது: இந்தப் பாட்டை இன்னார் கட்டினார் என்பதற்கு எழுத்துச் சான்று இருக்கிறதா? இருந்தால் சட்டம் பேசும். இல்லையென்றால் எந்தச் சட்டமும் வாய் திறக்காது. சினிமாவில் எழுதுகிறவருக்கு ஒப்பந்தம் இருக்கிறது, சங்கம் இருக்கிறது. மேல்பட்டாம்பாக்கத்திலோ பண்ருட்டியிலோ பாட்டுக் கட்டுகிறவருக்கு அந்தச் சான்றை உண்டாக்கித் தர வேண்டியவர்கள் நாம்தான்.

7. திரும்பி வந்த ஒலி

பதிவு செய்பவரின் கடமை அந்தச் சான்றை உண்டாக்குவதோடு முடியாது; பதிவைப் பாடியவர் ஊருக்கே திருப்பியும் கொடுக்க வேண்டும். கென்யாவில் கிப்சிகிஸ் மக்கள் வாழும் ஊர்களுக்கு ஒரு காலத்தில் கிராமபோன் போயிற்று. அதில் ஜிம்மி ராட்ஜர்ஸ் பாடினார். அந்தக் குரல் அவர்களை மயக்கியது. அவர் பெயர் அவர்கள் நாவில் செமிரோச்சா ஆயிற்று. பாதி மனிதன், பாதி மான் என்று அவரைக் கற்பனை செய்து அங்கே இளம்பெண்கள் பாட்டுக் கட்டினார்கள். 1950இல் ஹியூ டிரேசி என்ற ஆய்வாளர் அதைப் பதிவு செய்தார். உலகம் முழுக்க அந்தப் பாட்டைக் கேட்டது. பாடியவர்களின் ஊருக்குப் பதிவு போகவில்லை. 2015 வாக்கில்தான் டிரேசி நிறுவிய ஆவணக் காப்பகத்தார் அதை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குத் திரும்பிப் போனார்கள்.

நம் நாட்டிலும் அப்படி ஒரு திரும்பல் நடந்தது. அர்னால்டு பாக்கே என்ற டச்சுக்காரர் 1938இல் தென்னிந்தியா முழுதும் சுற்றிக் கிராமியப் பாட்டையும் ஆட்டத்தையும் பதிவு செய்தார். 1984இல் நசீர் ஜைரஸ்பாய், ஏமி காட்லின் என்ற இரு ஆய்வாளர்கள் அந்தப் பதிவுகளோடு அதே ஊர்களைத் தேடிச் சென்று, பாடியவர்களின் மரபில் வந்தவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். எங்கே, எப்போது, யார் என்று பாக்கே குறித்து வைத்திருந்தது அந்தப் பயணத்துக்குக் கைகொடுத்தது. குறிப்பு இல்லாத பதிவைத் திருப்பிக் கொடுக்க யாராலும் முடியாது.

8. நாம் செய்ய வேண்டியவை

மாணவச் செல்வங்களே, இன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசி, பிரிஸ்டலுக்கு ரால்ஃப் பியர் கொண்டுபோன கருவியைவிடத் தெளிவாகப் பதிவு செய்யும். மூன்று நிமிடக் கட்டுப்பாடும் இல்லை. ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

பாடச் சொல்வதற்கு முன் கேளுங்கள். பதிவு செய்யலாமா, செய்தால் யாருக்குக் காட்டலாம், இணையத்தில் போடலாமா என்று பாடுபவரிடம் பொறுமையாகக் கேளுங்கள். துக்க வீட்டில் ஒப்பாரியைக் கைப்பேசியில் பிடித்துப் பரப்புவது அறமாகாது. அதே அம்மாவிடம் வேறொரு நாள் சென்று, அவர் மனம் ஒப்பினால், அமைதியாக உட்கார்ந்து பதிவு செய்யுங்கள்.

பாட்டு முடிந்ததும் பாடியவர் தம் பெயர், ஊர், நாள் மூன்றையும் தம் வாயாலேயே சொல்லட்டும். அந்தப் பதிவிலேயே அது இருக்க வேண்டும். பாட்டு எத்தனை கைப்பேசிக்குத் தாவினாலும் பெயர் கூடவே தாவும்.

பிறகு ஒரு கேள்வி கேட்டு எழுதி வையுங்கள்: இது யாரிடம் கேட்டது, இதில் நீங்கள் சேர்த்தது எது? பழையது எது, புதியது எது என்பது இந்த ஒரு கேள்வியில் பிரிந்துவிடும். அதுதான் நாளைக்குச் சட்டத்தின் முன் நிற்கும் சான்று. மெட்டுச் சொல்லிக் கொடுத்தவர் பெயரையும், உடுக்கையோ மிருதங்கமோ வாசித்தவர் பெயரையும் விடாதீர்கள்.

பதிவின் ஒரு படியைப் பாடியவர் வீட்டில் கொடுங்கள். இன்னொரு படியை ஊர் நூலகத்தில் வைக்க ஏற்பாடு செய்யுங்கள். ஒரு பாட்டு இணையத்தில் வருமானம் ஈட்டத் தொடங்கினால், அந்தக் கணக்கைப் பாடியவருக்குக் காட்டி அவர் பங்கைக் கொடுங்கள்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒன்று. தமிழ்ப் பாடத்தின் செயல்திட்டமாக ஒவ்வொரு மாணவரும் ஆண்டுக்கு ஒரு பாட்டுக்காரரைச் சந்தித்து, மேற்சொன்ன விதத்தில் ஒரே ஒரு பாட்டைப் பதிவு செய்தால் போதும். சில ஆண்டுகளில் இந்த வட்டாரத்துக்கென்று ஒரு பாட்டுப் பதிவேடு உருவாகிவிடும். இந்த அறக்கட்டளையாருக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு இந்த மேடையில் என்னைப் போல் பேசுகிறவரோடு, பாட்டுக் கட்டுகிற ஒருவரையும் அழையுங்கள். பேச்சாளருக்கு அளிக்கும் அதே மதிப்பையும் அதே தொகையையும் அவருக்கும் அளியுங்கள். அழைப்பிதழில் அவர் பெயரை அதே அளவு எழுத்தில் அச்சிடுங்கள்.

பாட்டு வாழ்வதற்கு ஆயிரம் வழி உண்டு. பாட்டுக்காரர் வாழ்வதற்கு அவர் பெயர் எழுதப்பட வேண்டும். நம் மாவட்டத்தில் இன்றும் பாட்டுக் கட்டிக்கொண்டிருக்கிற பெண்களும் ஆண்களும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்கள் நம்மோடு இருக்கும்போதே, அவர்கள் வாயாலேயே கேட்டு, அவர்கள் பெயரை எழுதிவைப்போம். இதைச் செய்ய அரசாணைக்கோ நிதிக்கோ காத்திருக்கத் தேவையில்லை, நாளைக்கே தொடங்கலாம்.